சிவமூலியில் (கஞ்சாவில்) சாமி தெரியுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:
கிரிவலக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதை விவரிக்கப் போவதில்லை. அடி அண்ணாமலை தாண்டி ஒரு திட்டில் கால் ஆற உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சாமியார் கஞ்சா புகைக்கும் சிலும்பியை நீட்டினார். "சிவமூலி தம்பி, சிவன் சொத்து." இழுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மலை மூச்சு விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், விலா ஏறி இறங்குவது போல மலை ஏறி இறங்கியது. அதைப் பார்க்கிற ஆள் யார் என்று தேடினால் ஆளே இல்லை. பார்ப்பது மட்டும் இருந்தது. பயமும் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. திரும்பி வந்ததும் முதலில் தோன்றிய நினைப்பு: "என் செருப்புப் பை எங்கே?" ஆம்பூரில் வாங்கிய புதுச் செருப்பு. காலையில் வேலூர் பஸ்ஸில் கண்டக்டரோடு இரண்டு ரூபாய்ச் சில்லறைக்கு வாய்த்தகராறு வேறு. ராத்திரி மலையும் நானும் ஒன்றாக இருந்தோம் என்றால், காலையில் சண்டை போட்டவன் யார்? போதை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை, ஞானம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது. அதன் பிறகு தொடவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை.

விருதம்பட்டு வாசி:
தம்பி, உங்களுக்கு வந்தது புகை. சாமி வருவது எப்படி என்று எங்கள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா அன்று வந்து பாருங்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கு வருஷா வருஷம் அங்காளம்மன் வரும். விரதம் இருப்பார், அன்றைக்கு டீ கூடக் குடிக்க மாட்டார். பம்பையும் உடுக்கையும் ஏறினால் போதும். போன வருஷம் எங்கள் மச்சான் ஒருத்தன் நன்றாக ஏற்றிக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்திலேயே தனக்கும் சாமி வந்துவிட்டது என்று ஆட ஆரம்பித்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு அம்மா அவன் காலில் தண்ணீர் கூட ஊற்றிவிட்டார். பம்பைக்காரர் வயசானவர், இதெல்லாம் எத்தனையோ பார்த்தவர். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடிப்பதைச் சட்டென்று நிறுத்தினார். பெரியம்மா அப்படியே மணலில் சரிந்தார். மச்சான் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தான்! பம்பைக்காரர் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது பாட்டில் சாமிடா, யாராவது கூட்டிட்டுப் போங்க" என்றார். ஊரே சிரித்தது. அக்கா அழுதாள்.

எதையாவது உள்ளே போட்டால்தான் வரும் என்றால் அது சாமி இல்லை, அவ்வளவுதான்.

நைட் டியூட்டி:
விருதம்பட்டு அண்ணா, அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது. பம்பைச் சத்தமும் காது வழியாக உள்ளே போவதுதானே?

நான் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம், நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம். தீக்காய வார்டில் டிரெஸ்ஸிங் மாற்றும்போது வலி தெரியாமல் இருக்க கெட்டமின் கொடுப்பார்கள். 1960களிலேயே கண்டுபிடித்த மருந்து அது. மூச்சை அதிகம் அடக்காது, வலியை மறக்கடிக்கும். ஆனால் ஆளை உடம்பிலிருந்து கழற்றி எங்கேயோ வைத்துவிடும். குடியாத்தம் பக்கத்துப் பாட்டி ஒருவர், பீடி சுற்றுகிறவர், அடுப்புத் தீ சேலையில் பற்றி வந்திருந்தார். மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கும்மா எழுப்பினே? அங்கே எல்லாரும் வெளிச்சமா இருந்தாங்க. எங்க அம்மாகூட இருந்துச்சு" என்றார். அந்த முகத்தை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

அதே வாரம் அடுத்த கட்டிலில் ஒரு பையன். அதே மருந்து, அளவு எடைக்குத் தகுந்தபடி. அவன் தன்னை உயிரோடு புதைக்கிறார்கள் என்று கத்தினான். அடக்க வேறு ஊசி போட வேண்டியிருந்தது.

பாட்டி வீட்டுக்குப் போகும்போது அந்த மருந்தின் பேர் என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆரணி பட்டுநூல்:
கொடைக்கானலில் நண்பன் ஒருவன் காளான் சாப்பிட்டுவிட்டு, செத்துப்போன அப்பாவோடு விடிய விடியப் பேசினான். நான் பக்கெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் சொல்லாத சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1962-ல் பாஸ்டனில், புனித வெள்ளி அன்று, தேவாலயத்தின் அடித்தளத்தில் இறையியல் மாணவர்கள் 20 பேரை உட்கார வைத்தார்கள். பாதிப் பேருக்குக் காளானில் இருக்கும் சைலோசிபின், மீதிப் பேருக்கு வெறும் வைட்டமின் வகை மாத்திரை. சைலோசிபின் எடுத்தவர்களில் பெரும்பாலோர் கடவுளைத் தொட்ட மாதிரி பேசினார்கள். சுமார் 25 வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்டபோதும் அது நிஜம் என்றே சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு ஒருவர் மிரண்டு வெளியே ஓடியதும், அவருக்கு ஊசி போட்டு அடக்கியதும் முதல் அறிக்கையில் இல்லை! பின்னால்தான் வெளியே வந்தது. அப்புறம் 2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரிஃபித்ஸ் என்பவரின் குழு 36 பேரை வைத்துச் செய்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதைத் தங்கள் வாழ்க்கையின் மிக முக்கியமான ஐந்து அனுபவங்களுக்குள் வைத்தார்கள். ஆனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கடும் பயமும் வந்தது. அந்த 36 பேரும் ஏற்கெனவே ஜெபம், தியானம் என்று இருந்தவர்கள். குடும்பத்தில் கடுமையான மனநோய் இருந்தவர்களை முன்பே கழித்துவிட்டார்கள். கிரிவலப் பாதையில் சிலும்பி நீட்டுகிறவர் உங்கள் குடும்ப வரலாறு கேட்டாரா?

சட்டமும் இருக்கிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தாலே ஒரு வருஷம் வரை உள்ளே போகலாம். சாமியார் கொடுத்தார் என்றால் ஸ்டேஷனில் சிரிப்பார்கள்.

காட்பாடித் தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது: காலையில் நாலரைக்கு எழுந்திருங்கள். நாடி சுத்தி மூச்சுப் பயிற்சி பழகுங்கள். ராத்திரி மோர் வேண்டாம், புளியைக் குறையுங்கள். மாதம் ஒரு நாள் மௌனம். ஒரு மண்டலம் செய்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

வள்ளிமலைப் படி:
ஆரணி ஐயா, அவர் மோர் பற்றிக் கேட்கவே இல்லை.

செருப்பு விஷயத்தைப் படித்ததும் ரமணர் சொல்லும் கதை ஞாபகம் வந்தது. கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்குள் மனம் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டார். காலம் போனது, சீடன் செத்தான், கங்கையே தடம் மாறிவிட்டது. கண் விழித்த யோகி முதலில் கேட்டது: "தண்ணீர் எங்கே?" எந்த நினைப்போடு உள்ளே போனாரோ அதே நினைப்போடு வெளியே வந்தார். ரமணர் தான் எழுதிய உபதேச உந்தியார் என்ற நூலில் இதைத்தான் இரண்டாகப் பிரிக்கிறார். ஒடுங்கிய மனம் திரும்ப எழுந்தால் லயம், எழவே எழாமல் அழிந்தால் நாசம். யோகிக்கே லயம்தான் என்றால் சிலும்பிக்கு வேறென்ன கிடைக்கும்? ரமணருக்குப் பதினாறு வயசில் மதுரை வீட்டு மாடியில் வந்தது வெறும் சாவு பயம், கையில் ஒன்றும் இல்லை. 1896-ல் திருவண்ணாமலை வந்தவர் 1950 வரை மலையை விட்டு நகரவில்லை.

என் கதை சின்னது. வள்ளிமலையில் மேலே உட்கார்ந்து தியானம் செய்த ஒரு மாலையில் எனக்கும் கொஞ்ச நேரம் எல்லாம் நின்றுபோனது. குரங்கு பையைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது. அதுவும் லயம்தான், எதையும் குடிக்காமலே.

காட்பாடிக்காரன்:
வள்ளிமலை அண்ணா, கதை நன்றாக உறைத்தது. ஆனால் லயத்தைப் பொய் என்று ரமணர் சொல்கிற மாதிரி தெரியவில்லையே. அதோடு நின்றுவிடாதே என்றுதானே சொல்கிறார்? நான் பார்த்ததை முடிவு என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தது, அதற்கு மதிப்பே இல்லையா என்பதுதான் என் கேள்வி.

ராணிப்பேட்டை நைனா:
இவ்வளவு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா போய்க்கொண்டிருந்தேன். மதிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதுகிறேன்.

என் மகன் காலேஜ் ஹாஸ்டலில் கஞ்சா பழகினான். ஒரு நாள் போன் வந்து ஓடினேன். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு அமைதி. கீழே பசங்கள் கத்துகிறார்கள். என்னைப் பார்த்து, "நைனா, உன்னை மன்னிச்சிட்டேன். நீ என் முதல் பக்தன்" என்று கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தான். பேசிப் பேசித்தான் இறக்கினோம். கீழே வந்த பிறகு அழுதான். இப்போது மாத்திரையில் இருக்கிறான், ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் கடையை மூடும்போது சொல்கிறான்: "அன்னைக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு நைனா. இப்போ ஒண்ணுமே அப்படித் தெரியல. மாத்திரையை நிறுத்திப் பாக்கலாமா?"

நர்ஸ் அம்மா, பாட்டிக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இவனுக்கு நான் என்ன சொல்வது?

நைட் டியூட்டி:
ஐயா, மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். நோய் திரும்பி வந்தால் முன்பைவிடக் கடினமாக வரலாம். ஆனால் அன்றைக்கு அவன் பார்த்தது ஒன்றுமே இல்லை என்றும் வாதாடாதீர்கள், உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். மனசு மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றால் அதையே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிப்போங்கள், கடையை ஒரு நாள் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.