இந்தோனேசியா: பக்காம்லாவால் வழக்குப் போட முடியுமா?

சிம்ஸ்பார்க்:
குன்னூரில் சிலர் சேர்ந்து மெயின்ஸுக்குப் படிக்கிறோம். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கடல் விவகாரத்தில் வீக்தான். இந்தோனேசியாவின் கடல் பாதுகாப்பு அமைப்பான பக்காம்லாவின் வெள்ளைக் கப்பலில் 'இந்தோனேசியா கோஸ்ட் கார்டு' என்றே எழுதியிருக்கிறது. பிறகு ஏன் இத்தனை துறைகள் தனித்தனியாக ரோந்து போகின்றன? நம்முடையதோடு ஒப்பிட்டு 250 வார்த்தைக்குள் எழுத வேண்டும்.

அருவங்காடு:
கப்பலில் இருக்கும் எழுத்தை விடுங்க, சட்டத்தைப் பாருங்க. பக்காம்லா 2014-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் கடல் சட்டத்தில் வந்தது. பிரிவு 63-இன்படி சந்தேகக் கப்பலைத் துரத்திப் போகலாம், நிறுத்திச் சோதிக்கலாம், பிடித்துவந்து உரிய துறையிடம் ஒப்படைக்கலாம். அதோடு சரி. மீன்பிடிக் குற்றத்தைப் புலனாய்வு செய்வது மீன்வளத் துறை விசாரணை அலுவலர், கடற்படை அதிகாரி, போலீஸ். பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான கடலில்) முதல் இருவர் மட்டும்.

சிக்கல் கைமாறும் இடத்தில்தான். படகில் ஏறியவர் ஒருவர், வழக்கு நடத்துபவர் வேறொருவர். பிடித்த இடத்தின் ஜிபிஎஸ் பதிவு, வலை, மீன் எடை எதையாவது முதல் ஆள் சரியாகக் குறிக்காவிட்டால் இரண்டாவது ஆளால் அதைச் சரிசெய்ய முடியாது.

போதாததற்கு, 2008-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் கப்பல் போக்குவரத்துச் சட்டமும் ஒரு கடலோரக் காவல் அமைப்பு வரும் என்றது. போக்குவரத்து அமைச்சகத்தின் கடல், கரையோரக் காவல் பிரிவான கேபிஎல்பி அதை வைத்து உரிமை கோரியது. 2022-இல் 13-ஆம் எண் அரசு ஒழுங்குமுறை ரோந்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பை பக்காம்லாவுக்குத் தந்தது. ஆனால் ஒழுங்குமுறையால் சட்டத்தை மாற்ற முடியாதே! அந்தந்தத் துறையின் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

கேத்தி வாசகர்:
அருவங்காடு சார் சொன்னது சரி. ஆனால் இந்தியாவில் எல்லாம் ஒரே கையில் என்று எழுதிவிடாதீங்க. 1978 சட்டப்படி நம் கோஸ்ட் கார்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பிடித்த படகை வழக்குக்காக மரைன் போலீஸிடம்தான் பெரும்பாலும் ஒப்படைக்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009-இல் ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்பு கடற்படைக்கும், கரையோரக் கடல் கோஸ்ட் கார்டுக்கும் என்று பிரித்தார்கள். மேலே யார் என்ற குழப்பம் இங்கே குறைவு, அவ்வளவுதான்.

அந்தமானைக் காட்டி இந்தியாவையும் தீவுக்கூட்ட நாடு என்று எழுதினால் மார்க் போகும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 46-ஆவது பிரிவு, முழுக்கவே தீவுக்கூட்டங்களால் ஆன நாட்டைத்தான் அப்படிச் சொல்கிறது. அத்தகைய நாடு வெளித்தீவுகளை இணைத்து அடிக்கோடு (கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடு) போடலாம்: ஒரு கோடு 100 கடல் மைல் வரை, மொத்தக் கோடுகளில் 3 சதவீதம் மட்டும் 125 வரை. உள்ளே நீருக்கும் நிலத்துக்கும் விகிதம் 1:1 முதல் 9:1-க்குள் இருக்க வேண்டும். இந்தோனேசியா அந்த நீருக்குள் வடக்கு–தெற்காக மூன்று கடல் பாதைகளைக் குறித்திருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல்கள் அவற்றின் அச்சுக்கோட்டிலிருந்து 25 கடல் மைலுக்கு மேல் விலகக் கூடாது. நாட்டின் நடுவிலேயே சர்வதேசப் போக்குவரத்து! ரோந்து ஏன் இவ்வளவு தேவை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

சிம்ஸ்பார்க்:
நன்றி சார். பிலிப்பைன்ஸிலும் இதே கதைதானா?

அருவங்காடு:
இல்லை. அங்கே கோஸ்ட் கார்டை 1998-இல் கடற்படையிலிருந்து பிரித்து, போக்குவரத்துத் துறைக்குக் கொண்டுபோனார்கள். 2009-இன் 9993-ஆம் எண் சட்டப்படி, போர்க்காலத்தில் மட்டும் அது பாதுகாப்புத் துறையோடு இணையும்.