ரயில் பாதை முதலா, நேர அட்டவணை முதலா?

அக்கா: நம் ஊருக்கான 20 ஆண்டுப் போக்குவரத்துத் திட்டத்தின் வரைவு வந்துவிட்டது. நான்கு புது ரயில் பாதைகள்! பொதுமக்களிடம் கருத்தும் கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா, படித்தீர்களா?

பெரியப்பா: முழுசாகப் படித்தேன்மா. வரைபடம் அழகாக இருக்கிறது. ஆனால் எந்தப் பாதையில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஒரு பக்கத்திலும் இல்லை. எனக்கு அதுதான் கவலை.

தம்பி: முதலில் பாதை வரட்டுமே பெரியப்பா. அட்டவணையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

பெரியப்பா: சுவிட்சர்லாந்தில் நேர்மாறாகச் செய்தார்கள். ‘ரயில் 2000’ திட்டத்துக்கு 1987இல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். அங்கே முதலில் வரைந்தது அட்டவணையைத்தான். பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் மணி முழுசாவதற்குச் சற்று முன் வந்து நிற்க வேண்டும், ஆட்கள் மாறி ஏறியதும் கிளம்ப வேண்டும். அதற்கு இரண்டு சந்திப்புகளுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சூரிக்–பெர்ன் பயணம் 69 நிமிடமாக இருந்தது.

அக்கா: ஓ, அதனால் இணைப்பு ரயில் தவறிவிடும்!

பெரியப்பா: அதேதான். 2004இல் புதுப் பாதை திறந்து 56 நிமிடமாக்கினார்கள். 40 நிமிடத்தில் போயே ஆக வேண்டும் என்று பணத்தைக் கொட்டவில்லை. அட்டவணைக்கு எது தேவையோ அதைத்தான் கட்டினார்கள்.

அத்தை: அண்ணா, ரயில் வரும்போது வரட்டும். இங்கே கடைசிப் பேருந்து எட்டு மணிக்கே போய்விடுகிறது. ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்கள் 20 வருடம் காத்திருப்பார்களா?

பெரியப்பா: நியாயமான கேள்வி. பேருந்துக்கு அவ்வளவு காலம் வேண்டாம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 2015இல் பேருந்து வழித்தடங்களை மொத்தமாக மாற்றி வரைந்தார்கள். செலவைப் பெரிதாகக் கூட்டாமலே பல தடங்களில் 15 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, வார இறுதியிலும்.

தம்பி: ஆள் குறைந்த தெருக்களுக்குப் போகும் பேருந்துகளைக் குறைத்துத்தானே அது முடியும்? பாட்டி போன்றவர்கள் எப்படிப் போவார்கள்?

பெரியப்பா: ஆமாம்ப்பா, அது உண்மையான இழப்பு. அதை மறைக்கவே கூடாது. ஹூஸ்டனில் போக்குவரத்து வாரியமே வெளிப்படையாக முடிவெடுத்தது: 80 சதவீத வளம் கூட்டம் அதிகமுள்ள தடங்களுக்கு, 20 சதவீதம் மற்ற பகுதிகளுக்கு. நம் வரைவில் அப்படி எந்தப் பங்கீடும் இல்லை. பங்கீடு எழுத்தில் இருந்தால்தான் பாட்டிக்காக நாம் போய்க் கேட்க முடியும்.

அக்கா: சரி, கருத்தை எழுதுகிறேன். ஒன்று, ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி. இரண்டு, பங்கீடு. வேறு?

பெரியப்பா: பணிமனைக்கு இப்போதே நிலம் ஒதுக்கச் சொல். வீடுகள் முளைத்த பிறகு இடம் கிடைக்காது. ஓட்டுநர்களின் சம்பளம் 20 ஆண்டுக்கும் எங்கிருந்து வரும் என்றும் கேள்.

அத்தை: ராத்திரிப் பேருந்தை முதலில் போடும்மா.

அக்கா: முதல் வரியே அதுதான் அத்தை.