ஒரே ஒரு நாளிதழ்ப் படம் என்றால், வடசென்னைக்கு எதை வைப்பீர்கள்?

எர்ணாவூர்க்காரன்:
சென்னையின் வரலாற்றைச் சொல்லும் பத்திரிகைப் படம் எது என்று கேட்டால் எல்லாரும் மெரினாவுக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் போய்விடுகிறார்கள். வடசென்னைக்கு எது? என் ஓட்டு 2017 வாளிப் படத்துக்கு. ஜனவரி 28 விடிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பாதிப்பு ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் சேதி வந்தது. பிறகு எங்கள் கரையில் எண்ணெய் தார்க்குழம்பு மாதிரி ஒதுங்கியது. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் படம் வந்த பிறகு யாராலும் மூடி மறைக்க முடியவில்லை.

ராபின்சன் பூங்கா:
படத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரிப் படம் மட்டுமே ஏன் நமக்கு? பேசின் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கம் கேமரா வருவதே தீப்பிடித்தால், தண்ணீர் புகுந்தால், கொலை விழுந்தால். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்துகொண்டே கூட்டம் நின்றது, அண்ணா பேசினார், திமுக பிறந்தது. பதினெட்டே வருடத்தில் ஆட்சிக்கு வந்தது. 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அலியும் எம்.ஜி.ஆரும் இருக்கும் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி, எங்கள் தெரு பாக்ஸிங் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பழுத்துப்போய் உதிரும்வரை அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துக் கையில் துணி சுற்றிக்கொண்ட பையன்கள் எத்தனை பேர் தெரியுமா? அதுவும் இந்த ஊர்தானே. நாம் ஏன் எப்போதும் வாளியோடு மட்டும் நிற்க வேண்டும்?

பழைய பேப்பர்:
தம்பிகளா, சேதத்தைப் படம் பிடிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதில் துறைமுகத்தருகே பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தன. அந்தப் படத்தைக் காட்டித்தான், "அவன் பெரிய எம்டன்" என்று நாம் ஏன் சொல்கிறோம் என்பதை என் பேரனுக்குப் புரியவைத்தேன்.

ஆனாலும் ராபின்சன் தம்பி கேட்பது எனக்குச் சுடுகிறது. பின்னி மில் சங்குக்கு எழுந்து ஓடிய குடும்பம் எங்களுடையது. 1921 வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளிகள் செத்த மில் அது. 1996-ல் மூடினார்கள். பூட்டிய பின்னி மில் கேட்டின் படம் எத்தனையோ பார்த்துவிட்டேன். அப்பா தறி முன்னால் நிற்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

காசிமேடு செல்வி:
நான் படத்துக்குள்ள இருந்த வீட்டுலேர்ந்து பேசறேன். 2004 டிசம்பர் 26. தம்பியக் காணோம்னு அம்மா மண்ணுல உட்கார்ந்து அடிச்சிக்கினு அழுதாங்க. யாரோ படம் எடுத்தாங்க, மறுநாள் ஒரு பேப்பர்ல முதல் பக்கம். கீழே "கதறும் மீனவப் பெண்". அவ்ளோதான். பேரு கேக்கல. தம்பி அன்னைக்குப் பொழுது சாயறப்பவே கிடைச்சிட்டான், கோயில்ல யாரோ உட்கார வெச்சிருந்தாங்க. அது எந்தப் பேப்பர்லயும் வரல. இப்பவும் டிசம்பர் ஆனா அந்தப் படம் போன்ல சுத்துது. பாக்கறவங்க எல்லாம் புள்ளைய வாரிக் குடுத்தவன்னு நினைச்சிக்கறாங்க. அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை.

எர்ணாவூர்க்காரன்:
அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல. ஆனாலும் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தப்பு படத்திலயா, கீழே எழுதின வரியிலயா? அதே சுனாமியில் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம், உள்ளங்கையை விரித்துக் குப்புற விழுந்து அழும் பெண், உலகப் பத்திரிகைப் படப் பரிசு வாங்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் பரவியபோது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. படங்களும் சேதியும் வெளியே போகாமல் இருந்திருந்தால்? எண்ணெய் படிந்த கூழைக்கடாவின் படத்தைப் பார்த்த பிறகுதான் தெற்கே இருப்பவர்கள் எங்கள் கழிமுகம் எங்கே என்று கேட்டார்கள்.

ராபின்சன் பூங்கா:
பறவையைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அதே எண்ணெயில் ஊறிய வலையைப் பார்த்து அல்ல. நான் சொல்வதும் அதுதான்.

காசிமேடு செல்வி:
படமே வேணாம்னு நான் சொல்லல தம்பி. நிவாரணத்துக்கு அலைஞ்சப்போ அம்மா அந்தப் பேப்பரத்தான் எடுத்துக்கினு போனாங்க, "பாருங்க சார், இது நான்தான்"னு. இப்பவும் ரேஷன் கார்டு கவர்லதான் இருக்குது. எடுக்கறவங்க பேரு கேட்டு எழுதட்டும். சாயங்காலம் ஒருவாட்டி திரும்பி வந்து பாக்கட்டும்.

எர்ணாவூர்க்காரன்:
சரிக்கா. வாளிப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் எங்கள் தெரு. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன், சம்மதித்தால் பெயரோடு போடுகிறேன். மற்றவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்களிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ராபின்சன் பூங்கா:
போடுங்கள் அண்ணே. ஆனால் என் ஓட்டு அந்தப் பாக்ஸிங் கொட்டகைச் சுவருக்குத்தான்.