புதுப்பிப்பு: ஃபியட் 1100 ஸ்டீரிங் பாக்ஸ் கசிவு நின்றது

அப்பாவின் ஃபியட் 1100 காரில் ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) அடியில் ஆயில் சொட்டுகிறது, புது சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது ஒரு சொட்டு இல்லை! பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் உள்ள மெக்கானிக் அண்ணன், பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டில் மாட்டியிருக்கும் டிராப் ஆர்ம் என்ற கையில், திரும்ப அதே இடத்தில் மாட்ட பஞ்ச் குறி வைத்துவிட்டு, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றினார். ஷாஃப்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பழைய சீல் உரசிய இடத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷும் (உலோக வளையம்) தேய்ந்து ஷாஃப்ட் ஆடியது. ஆடுகிற ஷாஃப்டில் எந்த சீலும் தாங்காது. புது புஷ் கடைந்து போட்டு, சீலின் உதடு பள்ளத்தில் உட்காராதபடி சற்றுத் தள்ளிப் பொருத்தினார். அப்புறம் 90 கிரேடு கியர் ஆயில். ஆயிலுக்குப் பதில் கிரீஸ் அடைக்கச் சொன்னவர்களுக்கு: கெட்டி கிரீஸ் வார்மை (பாக்ஸுக்குள் இருக்கும் திருகு வடிவ கியர்) விட்டு ஒதுங்கினால் திரும்பி வராது, வார்ம் காய்ந்து தேயும். தயவுசெய்து வேண்டாம்.