எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் பிக் என்று ஒன்று உண்டா?

ஒற்றுப்பிழை எழுதியது:

வணக்கம். நான் பிழை திருத்துபவர். பகல் முழுவதும் வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டு வந்தால், மாலையில் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவின் கருவிப்பெட்டியை ஒழித்தபோது அடியில் ஆறு தொங்குபூட்டுகள் கிடைத்தன. ஆறும் பூட்டியிருக்கின்றன. ஒன்றுக்கும் சாவி இல்லை. அவற்றில் இரண்டை ஒன்றோடொன்று கோத்துப் பூட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்க இப்போது அவர் இல்லை. பழைய இரும்போடு போட்டுவிடு என்றார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. சாவி இல்லாமலே திறந்து பார்ப்பது என்று இறங்கிவிட்டேன்.

தெரிந்தவர் ஒருவர் தம் பழைய பிக் பெட்டியை இரவல் கொடுத்தார். பிக் என்பது சாவிக்குப் பதிலாகச் சாவித்துளைக்குள் விட்டுத் திறக்கும் மெல்லிய கருவி. பிக் ஐந்து, முறுக்குக் கம்பி ஒன்றே ஒன்று. (டென்ஷன் ரெஞ்ச் என்கிறார்களே, பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் அந்தக் கம்பியைத்தான் முறுக்குக் கம்பி என்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.) பித்தளைப் பூட்டு ஒன்றில் கொக்கி, அதாவது நுனி வளைந்த பிக், தாராளமாக நுழைகிறது. ஆனால் முறுக்குக் கம்பியையும் வைத்துவிட்டால் அசைய இடமில்லை. சிறிய பூட்டு ஒன்றில் கொக்கி நுழையவே மறுக்கிறது. அலை அலையாக வளைந்த பிக்கை உள்ளே விட்டு ஒரு வாரம் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தேன். கட்டைவிரலில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

இனி சொந்தமாக வாங்கலாம் என்றிருக்கிறேன். 32 துண்டுகள் கொண்ட ஒரு பெட்டியைப் பார்த்தேன். கைத்துப்பாக்கி போல விசை வைத்த கருவி ஒன்றும், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் பிளாஸ்டிக் பூட்டு ஒன்றும் அதனுடன் தருகிறார்கள். ‘எல்லாப் பூட்டுக்கும் பொறுந்தும்’ என்று அட்டையில் அச்சாகியிருந்தது. அந்த றகரத்தைப் பார்த்ததும் நம்பிக்கை பாதியாகிவிட்டது. பிழையை விட்டுவிடுவோம். இத்தனை துண்டுகள் தேவையா? குறைவாக வாங்கி அதிகப் பூட்டுகளுக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் எவற்றை வாங்குவது?

---

கடைசல்பட்டறை எழுதியது:

தம்பி, அந்த 32 துண்டை வாங்காதீர்கள். முதல் ஆண்டில் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். இன்று அதில் கையில் மிஞ்சியிருப்பவை இரண்டு. மற்றவற்றைப் பெட்டியைத் திறக்கும்போது மட்டும்தான் பார்க்கிறேன்.

நான் கடைசல் இயந்திரத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் நின்றவன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன். சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளையில் ஐந்து துளை, அதைச் சுற்றியுள்ள கூட்டில் அதற்கு நேராக ஐந்து துளை. ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு முள், அவற்றை அழுத்த ஒரு சுருள்வில். 1861-இல் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் அடிப்படையில் அதுவேதான். எந்த இயந்திரமானாலும் ஐந்து துளைகளையும் மயிரிழை விலகாமல் ஒரே கோட்டில் போட முடியாது. போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஐந்து முள்ளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. அதிகம் விலகிய துளையில் இருப்பது முதலில் இறுகும். அதைத் தேடிப் பிடித்து, இரண்டு முள்ளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு வரும்வரை தூக்கினால் ‘டிக்’ என்று உட்காரும். பிறகு அடுத்தது இறுகும். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

ஆகவே பிக் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: மற்ற முட்களைத் தொந்தரவு செய்யாமல் ஒரு முள்ளைத் தூக்குவது. சிறிய கொக்கி அதைச் செய்யும். அதை இரண்டு தடிமனில் வாங்குங்கள். ஒன்று 0.6 மில்லிமீட்டர், அதாவது 0.025 அங்குலம். இன்னொன்று 0.45 மில்லிமீட்டர் அளவில், கடைகளில் 0.018 அல்லது 0.019 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். முதலாவது அகலமான சாவித்துளைக்கு. தடியாக இருப்பதால் வளையாது. இரண்டாவது, நெளிந்து நெளிந்து போகும் குறுகிய துளைக்கு. உங்கள் சிறிய பூட்டில் கொக்கி நுழையாததற்குத் தடிமன்தான் காரணமாக இருக்கும். இவற்றோடு சற்று உயரமான கொக்கி ஒன்று. குட்டையான முள்ளை அதிக உயரம் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் நீளமான முள் வழிமறித்து நின்றால் சிறிய கொக்கிக்கு எட்டாது. அப்போது இது வேண்டும். மூன்று போதும்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் முக்கியம். வாங்கவேண்டியது பிக் அல்ல, முறுக்குக் கம்பி! பித்தளைப் பூட்டில் இடமில்லை என்கிறீர்களே, அந்தப் பெட்டியில் இருப்பது சாவித்துளையின் அடிப்பக்கம் வைக்கும் எல் வடிவக் கம்பியாகத்தான் இருக்கும். பாதித் துளையை அதுவே அடைத்துக்கொள்கிறது. தட்டையான இன்னொரு வகை உண்டு. முட்கள் இருக்கும் பக்கத்து விளிம்பில், முதல் முள்ளுக்கு முன்னால் கொஞ்சம்போல இடம் இருக்கும், அங்கே செருகுவது. துளை முழுவதும் கொக்கிக்குக் கிடைத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஒன்று, 1.27-இல் ஒன்று, அதைவிட மெல்லியது ஒன்று என நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். செருகினால் ஆடக் கூடாது, முதல் முள்ளையும் தொடக் கூடாது. தொட்டால் நுனியை அரத்தால் ராவிக் குறையுங்கள். வாங்கியபடியே பொருந்தியது என் அனுபவத்தில் மிகக் குறைவு.

திருப்பும் விசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சு விசையை அழுத்தும் பலம் போதும். கட்டைவிரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றால் நீங்கள் பூட்டோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்.

அந்தத் துப்பாக்கி சத்தம் போடும், கைக்கு எதையும் கற்றுத் தராது. பிளாஸ்டிக் பூட்டில் துளைகள் தொளதொளவென்று இருக்கும். முள் உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாமே ஒழிய விரலால் உணர முடியாது. ஒரு மாலை வேடிக்கை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடலாம்.

---

அரைவைரம் எழுதியது:

ஐயா சொன்னதில் முக்கால் பங்கு எனக்கும் உடன்பாடு. ஆனால் கொக்கி கொக்கி என்று ஒரே மந்திரமாகச் சொன்னால் என் பெயருக்கு என்ன மரியாதை?

மிகக் குறுகிய துளைகளில் கொக்கியின் வளைவே இடைஞ்சல். அரைவைரம் என்ற பிக் முக்கோண நுனி கொண்டது, உயரம் குறைவு. உள்ளே சறுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது எதிலும் மாட்டாது. முட்களின் உயரத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத பூட்டில் அதைக்கொண்டே ஒவ்வொன்றாகவும் தூக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்து வருடியும் பார்க்கலாம். கையில் எடுத்துப்போக ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அலைவடிவ ரேக்கையும் (நீங்கள் தேய்த்த அந்த அலைப் பிக்தான்) அடியோடு ஒதுக்க வேண்டாம். எளிய பூட்டுகள் அதில் சில நொடிகளில் திறந்துவிடும். ஒரு வாரம் தேய்த்தும் திறக்கவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் மற்றக் கையில் இருக்கும். முறுக்கு அதிகமானால் இறுகிய முள் எதுவும் அசையாது, எந்த ரேக்காலும் பயனில்லை. விரலை எடுத்துவிடுவது போலத் தளர்த்திப் பாருங்கள்.

வாங்கும்போது பலர் கவனிக்காதது ஒன்று. மலிவான பிக்கின் விளிம்புகளில் வெட்டிய பிசிறு அப்படியே இருக்கும். அது முள்ளில் உரசும் ஒவ்வொரு முறையும் ஏதோ நடந்தது போலத் தோன்றும், ஒன்றும் நடந்திருக்காது. 600 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000, 2000 என்று நீர் தொட்டுத் தேயுங்கள். நகத்தின் மேல் இழுத்தால் கீறல் விழக் கூடாது. பிடியிலும் மெத்தென்ற ரப்பர் உறை வேண்டாம். விரலுக்கு வரவேண்டிய செய்தியை அது விழுங்கிவிடும்.

---

கடைசல்பட்டறை எழுதியது:

பெயருக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன்: அரைவைரம் இரண்டாம் மாதத்துக்கு. முதல் மாதம் ஒரே கொக்கி. கருவியை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்குத் தவறு கருவியிலா கையிலா என்று தெரியாமலே போய்விடும். நான் அப்படித்தான் ஓர் ஆண்டைத் தொலைத்தேன்.

1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், அறுபது ஆண்டாக எவரும் திறக்காத பிராமா பூட்டைத் திறந்தார். 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம் ஆனது. ஒரே பூட்டின் முன்னால் 51 மணி நேரம்! நாம் பதினைந்து நிமிடத்தில் அடுத்த பிக்கைத் தேடுகிறோம்.

உப்புத்தாள் யோசனை சரியானது. ரேக் விஷயத்திலும் மறுப்பில்லை. சொந்தமாகச் செய்ய ஆசை இருந்தால் உடைந்த ஹேக்ஸா பிளேடு நல்லது, அதன் தடிமனே ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அரைக்கும்போது அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். நீலம் ஏறிவிட்டால் எஃகின் விறைப்பு போய்விட்டது என்று பொருள். முறுக்குக் கம்பிக்குப் பழைய வாகன வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை போதும். என்னிடம் இருப்பவற்றில் நல்லவை எல்லாம் அதிலிருந்து வெட்டியவை.

---

எண்ணெய்க்குப்பி எழுதியது:

யாருமே கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அந்த ஆறும் எந்த வகைப் பூட்டு? சாவித்துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டை நுனிகள் தெரிந்தால் முள் பூட்டு. தட்டையான தகடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது லீவர் பூட்டு. மேலே சொன்ன மூன்று கொக்கியும் அதற்கு ஆகாது. அதன் கருவியும் வேறு, முறுக்கு வைக்கும் இடமும் வேறு. எல்லாவற்றுக்கும் பொருந்துவது என்று எதுவும் இல்லாததற்கு இதுவே போதிய காரணம்.

பெட்டியடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவை என்றால் முதலில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் துடைத்து, முட்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். விட்டதும் திரும்பி வராத முள் இருந்தால் எந்தக் கலைஞராலும் அதைத் திறக்க முடியாது.

இன்னொன்று: வீட்டு வாசலில் பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகாதீர்கள், உங்களுடையதே ஆனாலும். என் வாசற்பூட்டில் நுனி உடைந்து உள்ளே சிக்கியபோது இரவு பதினொன்று. நான் வெளியே, செருப்பு உள்ளே. அடுத்தவர் பூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உரிமையாளர் சொல்லாமல் தொடக் கூடாது. கருவி வைத்திருப்பதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும், வாங்குவதற்கு முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஒற்றுப்பிழை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசல்பட்டறை ஐயாவுக்கு ஒரு திருத்தம், தொழில் பழக்கம்: தம்பி அல்ல, தங்கை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறில் இரண்டு லீவர் பூட்டு. அந்த அலைப் பிக்கை ஒரு வாரம் தேய்த்தது அவற்றில் ஒன்றில்தான்! மீதி நான்கும் முள் பூட்டு. எண்ணெய் விட்டு வைத்ததில் துணியெல்லாம் கறுப்பு.

கொக்கிகள் இரண்டு தடிமனில் வாங்கினேன். வைப்பர் பட்டையைப் பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்தார். வெட்டி, ராவி, பித்தளைப் பூட்டின் மேல் விளிம்பில் பொருத்தியதும் உள்ளே இவ்வளவு இடமா என்று வியப்பாக இருந்தது. நான்காம் நாள் அது திறந்தது. வளையம் துள்ளியபோது பயந்து பூட்டைக் கீழே போட்டுவிட்டேன். சிறியதும் மெல்லிய கொக்கியில் திறந்துவிட்டது.

மீதி இரண்டும் கோத்திருக்கும் ஜோடி. அவற்றில் ஒன்றில் சிக்கியிருக்கிறேன். நான்கு முள் உட்கார்ந்த பிறகு உருளை கொஞ்சம் திரும்பி, திறந்துவிட்டது என்று எண்ண வைத்து, அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு எந்த முள்ளைத் தொட்டாலும் அசைவில்லை. முறுக்கைக் கூட்டினாலும் பயனில்லை.

---

கடைசல்பட்டறை எழுதியது:

மன்னியுங்கள் அம்மா. இனித் தங்கை.

நல்ல இடத்தில்தான் சிக்கியிருக்கிறீர்கள். உள்ளே ஸ்பூல் முள் இருக்கிறது. நூற்கண்டு போல நடுவில் ஒடுங்கியது. அந்த ஒடுக்கத்தில் உருளையின் விளிம்பு மாட்டியதால்தான் பாதி திரும்பி நிற்கிறது. முறுக்கைக் கூட்டினால் இன்னும் இறுகும். ஒவ்வொரு முள்ளாக மெல்ல அழுத்துங்கள். ஏதோ ஒன்றை அழுத்தும்போது உருளை உங்கள் விரலைத் திருப்பித் தள்ளும். அதுதான் ஆள். தள்ளுவதைத் தடுக்காமல் முறுக்கை விட்டுக்கொடுத்துக்கொண்டே அதைத் தூக்குங்கள். வேறொரு முள் விழுந்துவிடலாம், கவலைப்படாமல் மறுபடி வையுங்கள்.

---

ஒற்றுப்பிழை எழுதியது:

மூன்றாவது முள். நீங்கள் சொன்னபடியே விரலைத் தள்ளியது. இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை திறந்தது, ஜோடியும் பிரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எப்படித் திறந்தாய் என்று கேட்டார். காட்டுகிறேன் பாருங்கள் என்று வளையத்தை அழுத்தி மறுபடி பூட்டிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரமாக முயல்கிறேன். அம்மா தூங்கப் போய்விட்டார்.