தறிச்சத்தத்துக்கு நடுவுல க்ளோஸ்டு-பேக் ஹெட்போன்: கடையில எப்படிக் கேட்டுப் பார்த்து வாங்கறது?

சோமனூர்க்காரன்

ஏனுங்க, விவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. வீடு சோமனூர்ப் பக்கம். சுவத்துக்கு அக்கட்ட தறிக்குடோன், சாதாத் தறி 24 ஓடுது, ராத்திரி ஷிப்டும் உண்டு. பாட்டுக் கேக்கறதே ஒன்பது மணிக்கு மேலதான், அதனால ஓப்பன்-பேக் (கப்போட பின்பக்கம் திறந்தது, வெளிச்சத்தம் உள்ள வந்துரும்) ஆகாது, பின்பக்கம் மூடின க்ளோஸ்டு-பேக்தான். ரெண்டு லட்சம், கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் செரி, ஒரே ஒரு நல்ல க்ளோஸ்டு-பேக் வாங்கோணும். பார்த்து வெச்சிருக்கறது: சென்ஹைசர் எச்டி 820, ஃபோகல் ஸ்டெல்லியா, டான் கிளார்க் ஆடியோ இ3, சோனி எம்டிஆர்-இசட்1ஆர்.

கேக்கறது கச்சேரிப் பதிவும் 80-கள் சினிமாப் பாட்டும். கண்ணாடி போடறவன், பட்டைக் காம்பு வெச்ச பிரேம். கையில இருக்கறது லேப்டாப்பும், அதுல ஹெட்போன் சொருகற சின்ன டைப்-சி டாங்கிளும் மட்டும்.

ஒரு நாள் லீவு போட்டுட்டு பெங்களூரோ சென்னையோ போய்க் கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கறேன். கடையில ரெண்டு மணி நேரம் கிடைச்சா எதை மொதல்ல பார்க்கோணும்? தறிச்சத்தம் எதுல எச்சா அடங்கும்? தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேணுமா?

பேரூர்_படித்துறை

மாடலுக்கு முன்னாடி உங்க கண்ணாடியைப் பத்திப் பேசோணுமுங்க. க்ளோஸ்டு-பேக்குல பேஸ் நிக்கறதே பேடும் தோலும் காத்துப் புகாம ஒட்டறதாலதான். பட்டைக் காம்பு காதுக்கு மேல பேடைத் தூக்கிப் பிடிச்சா ஒரு சந்து விழும், அடி பேஸ் அந்தச் சந்து வழியா ஓடிப்போயிரும். கண்ணாடி போடாத கடைக்காரர் "பேஸ் அள்ளுது"ம்பார். அதே செட்டைப் போட்டுட்டு நீங்க "சப்புன்னு இருக்குதே"ம்பீங்க. ரெண்டு பேர் சொல்றதும் நெசம்.

அதனால பாட்டைப் போடறதுக்கு முன்னாடி 40 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணைக் கம்மிச் சத்தத்துல ஓட விடுங்க. ரெண்டு கப்பையும் உள்ளங்கையால மெதுவா உள்ள அழுத்துங்க. அழுத்தறப்ப சத்தம் ஏறினா சீல் ஒழுகுதுன்னு அர்த்தம். கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னொருக்கா. ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசா இருந்தா அந்த மாடல் உங்க தலைக்கு இல்லை, இல்லாட்டி வீட்டுல கேக்கறதுக்குன்னு மெல்லிசு கம்பிப் பிரேம் ஒண்ணு தனியா வெச்சுக்கோங்க. இந்தச் செலவுல அதைவிட மலிவா பேஸ் எங்கயும் கிடைக்காது. அழுத்தறப்ப சரக்குனு ஒரு சத்தம் வந்தா அடைபட்ட காத்துல டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் குடுக்கற மெல்லிசு சவ்வு) வளையுது. கழட்டி மாட்டறப்ப லேசா வந்தா குத்தமில்லை, வேணும்னே திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க.

உங்க பட்டியல்ல எச்டி 820 தலைக்குத் தலை ரொம்ப மாறும். சீல் நல்லா உக்காந்தாலும் அதுல 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருக்குது. ஆம்பளைக் குரலோட மார்பு கனமும் மிருதங்கத் தொப்பியோட (இடது பக்கத்தோட) உடம்பும் அங்கதான் இருக்கறது.

அடுத்தது சத்தத்தைச் சமமாக்கறது. ஒரு டெசிபல் எச்சா இருக்கற செட்டுதான் "தெளிவா இருக்குது"ன்னு தோணும், காது அப்படி. பழைய சிடி ஒண்ணைக் கையோட கொண்டு போங்க. பேடைச் சிடி மேல கவுத்து, நடு ஓட்டைக்கு நேரா போன் மைக்கை வெச்சு, ஒலி அளக்கற ஆப்பைத் திறங்க. 500-லிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டின பிங்க் நாய்ஸ் (சோதனைக்குன்னு வெச்சிருக்கற சீரான இரைச்சல்) ஓட்டுங்க. பேஸ் இல்லாததால சிடியில சீல் சரியில்லாட்டியும் அளவு கெடாது. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரே எண் வர்ற வால்யூம் இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ஆப் காட்டற எண் நெசமான டெசிபலா இருக்கோணும்னு அவசியமில்லை, ஒப்பிடத்தானே.

பதிவு மூணோ நாலோ போதும். பத்துப் பதினைஞ்சு பாட்டு மாத்தினா காது குழம்பிரும்.

மிருதங்கத்துல கும்கி வர்ற இடம் ஒண்ணு எடுங்க. தொப்பியை அழுத்தி இழுக்கறப்ப சுருதி வழுக்கிட்டுப் போகும். வழுக்கற வழியில ஒரு இடம் மட்டும் பொம்முனு வீங்கினா அது மிருதங்கம் இல்லை, கப்புக்குள்ள இருக்கற ஒத்ததிர்வு. க்ளோஸ்டு-பேக்கைப் பிடிச்சுக் குடுக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிஞ்சு இல்லை. தம்புரா மட்டும் ஓடற அரை நிமிஷம் இன்னொண்ணு: ஜீவா நூல் தர்ற ரீங்காரம் நாலு தந்தியிலயும் விரியோணும். மேல ஒரு சீறல் தனியா மிதந்தா ட்ரெபிள்ல முள் இருக்குது. இசட்1ஆர்ல 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இதைப் பார்த்துக்கோங்க. கச்சேரி முடியறப்ப வர்ற கைதட்டல் தனித்தனிக் கையா கேக்கோணும், தகரக் கூரையில மழை விழற மாதிரி ஒண்ணாக் கொட்டக்கூடாது.

கடைசியா ஒரு பழைய மோனோ பதிவு. குரல் தலைக்கு நடுவுல நிக்கோணும். ஒரு பக்கம் சாஞ்சா ஹெட்போனை இடவலம் திருப்பி மாட்டுங்க. சாய்வும் கூடவே திரும்பினா டிரைவர்லயோ (கப்புக்குள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்) ஒயர்லயோ ஆம்ப்லயோ கோளாறு. அதே பக்கம் நின்னா உங்க காதோ கண்ணாடிக் காம்போ.

நொய்யல்

கேள்வியில் முதலில் பதில் வேண்டியது தறிச்சத்தத்துக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

க்ளோஸ்டு-பேக் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் அடைக்காது. 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் 20, 30 டெசிபல் கூடத் தடுக்கும். 200-க்குக் கீழே மிகக் குறைவு. தறியில் இருப்பதோ இரண்டு சத்தம். நாடா அடிபடும் சடக் சடக் மேல் அலைவரிசை, அது அடங்கிவிடும். அச்சுப் பலகை மோதும் தொம் தொம் தரை வழியாகவும் வருகிறது. நாற்காலி வழியாக உடம்புக்குள் ஏறுவதை எந்தக் கப்பும் தடுக்காது.

விலைக்கும் தடுப்புக்கும் சம்பந்தமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் மாட்டும் சென்ஹைசர் எச்டி 280 ப்ரோவுக்கு 32 டெசிபல் வரை தடுப்பு என்று நிறுவனமே சொல்கிறது. அது சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். உங்கள் பட்டியலில் உள்ள இசட்1ஆரின் கப்போ ஒலி வடிகட்டி வைத்து, காற்று கொஞ்சம் கசியும்படியே கட்டியது. ஒத்ததிர்வு குறையத்தான் அப்படிச் செய்தார்கள், ஆனால் தறி பக்கத்தில் அது தோதுப்படாது. ஃபாஸ்டெக்ஸ் டிஎச்900-ஐ யாராவது சொன்னால் அதற்கும் இதே பதில்.

ரயில் டிக்கெட் போடும் முன் வீட்டிலேயே ஒரு அளவு எடுங்கள். ராத்திரி ஷிப்ட் ஓடும்போது, பாட்டுக் கேட்கும் நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் போனை வைத்து, ஆப்பில் ஏ எடையில் ஒரு நிமிடம், சி எடையில் ஒரு நிமிடம். ஏ எடை கீழ் அலைவரிசையைக் கழித்துவிடும், சி கழிக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தாறு டெசிபல் என்றால் க்ளோஸ்டு-பேக் உதவும். 15-ஐத் தாண்டினால் உங்கள் சிக்கல் முழுக்க அடிச்சத்தம். இரண்டு லட்சம் அதைத் தொடாது.

தொம் தொம்மை மூட வால்யூமை ஏற்றிவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கூட்டக் கூட்ட நேரம் வேகமாகக் குறையும்.

சோமனூர்க்காரன்

இது தோணவே இல்லைங்க. இன்னைக்கு ராத்திரி அளந்துட்டுச் சொல்றேன். இன்னொரு யோசனை: தறிச்சத்தத்தைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி, கடையில அதே போன் ஸ்பீக்கர்ல ஓட விட்டுட்டு ஹெட்போனை மாட்டிப் பார்த்தா?

ஈரோட்டு_மஞ்சள்

யோசனை நல்லது தம்பி, ஆனா போன் ஸ்பீக்கர் ஆகாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ அதுல ஒண்ணும் பெருசா வராது. தொம் தொம்மே இல்லாம வெறும் சடக் சடக் மட்டும் கேக்கும், எந்த ஹெட்போனை மாட்டினாலும் "ஆகா, அடங்கிருச்சு"ன்னு ஏமாந்து வருவீங்க. கடையில புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருக்கும், அதுல போடச் சொல்லுங்க. வீட்டுல எடுத்த சி எடை எண் வர்ற வரைக்கும் சத்தம் ஏத்துங்க. ரெக்கார்ட் பண்றப்ப போன்ல சத்தத்தைத் தானா ஏத்தி இறக்கற வசதியையும், இரைச்சல் நீக்கற வசதியையும் அணைச்சிருக்கோணும்.

ஆம்ப் கணக்கு. கச்சேரிப் பதிவு சராசரியில தணிஞ்சு இருக்கும், தனியாவர்த்தனத்துல எகிறும். அதனால உச்சத்துக்கு 110 டெசிபல் கைவசம் இருக்கோணும்னு வெச்சுக்குவோம்.

ஸ்டெல்லியா 35 ஓம் (மின்தடை), ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல். 2.5 மில்லிவாட் போதும், அதாவது 0.3 வோல்ட். உங்க டாங்கிளே தள்ளிரும்.

இசட்1ஆர் 64 ஓம், 100 டெசிபல். 10 மில்லிவாட், 0.8 வோல்ட். டாங்கிள் நூல் பிடிச்ச மாதிரி.

இ3 27 ஓம், 90 டெசிபல் பக்கம். 100 மில்லிவாட், 1.6 வோல்ட், கரண்ட் 60 மில்லிஆம்பியர். ஒரு வோல்ட் டாங்கிள் இங்க மூச்சு வாங்கும்.

எச்டி 820 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல். 2.2 வோல்ட் வேணும், ஆனா கரண்ட் 7.5 மில்லிஆம்பியர்தான்.

பார்த்தீங்களா, ஒண்ணு கரண்ட் கேக்குது, ஒண்ணு வோல்ட்டேஜ் கேக்குது. "300 ஓம்னா ஓட்டறது கஷ்டம், 27 ஓம்னா சுலபம்"னு சொல்றவங்க பேச்சை விட்டுருங்க. ஆம்ப் வாங்கறதா இருந்தா 32 ஓம்ல 200 மில்லிவாட், 300 ஓம்ல 4 வோல்ட், வெளியீட்டு ஓம் 4-க்குக் கீழ. இந்தக் கடைசி எண் ஏன்னா, டைனமிக் டிரைவர்ல (கம்பிச்சுருள் தள்ளற சாதா வகை) பேஸ் பக்கம் ஓம் மேடு தட்டும். ஆம்போட வெளியீட்டு ஓம் எச்சா இருந்தா அந்த மேடு அப்படியே பேஸ் வீக்கமா மாறும். ஹெட்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருந்தா கவலையில்லை. இ3 பிளானர் (தட்டைச் சவ்வு முழுக்க அதிர்ற வகை), அதோட ஓம் சமதரை, அதுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கடையில மொதல்ல உங்க டாங்கிள்ல கேளுங்க, பொறவு அவங்க ஆம்ப்ல. அவங்க வெச்சிருக்கறதே ரெண்டு லட்சத்து ஆம்ப்னா எதைக் கேட்டீங்கன்னு உங்களுக்கே தெரியாது. பாட்டை உங்க ஃபைல்லயே கொண்டு போங்க, ஈக்வலைசரும் வால்யூம் சமப்படுத்தறதும் அணைஞ்சிருக்கட்டும்.

இன்னொண்ணு, ஸ்டெல்லியா மாதிரி கூர்மையான செட்டுல லேப்டாப் சார்ஜரோட இரைச்சல் கேக்கும். சார்ஜரைப் பிடுங்கினதும் நின்னா கிரவுண்டு கோளாறு. தறி லைனுக்குப் பக்கத்து வீட்டுல இதை ஹெட்போன் மேல பழி போட்டுராதீங்க.

காங்கயத்தான்

பேஸ், ட்ரெபிள் எல்லாம் பேசியாச்சு, கழுத்தைப் பத்தி யாரும் பேசலை. எச்டி 820 360 கிராம், இசட்1ஆர் 385, ஸ்டெல்லியா 435, இ3 அதுக்கும் கொஞ்சம் மேல. கேட்டுப் பார்த்துக் கடைசியா மிஞ்சற ரெண்டுல எது தேறுதோ அதைக் கழட்டாம 40 நிமிஷம் மாட்டி உக்காருங்க. உச்சந்தலையில வலி அரை மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அங்க ஏசி ஓடும், நம்ம ஊர்ல சித்திரை வைகாசியில ஃபேன் காத்துதான். மூடின தோல் பேடுல காது வேகும். புழுக்கத்துக்குப் பயந்து வெல்வெட் பேடு மாத்தாதீங்க, பேரூர் அண்ணன் சொன்ன சீல் முச்சூடும் போயிரும்.

டெமோ பீஸோட பேடு நூறு தலை பார்த்து அமுங்கியிருக்கும். அமுங்கினா காது டிரைவருக்கு நெருங்கும், சத்தமும் மாறும். புதுசு பிரிச்சதும் கொஞ்சம் வேற மாதிரி கேட்டா அதுதான் காரணம். வாங்கறதுக்கு முன்னாடி மாத்துப் பேடு இங்க கிடைக்குமா, என்ன விலைன்னு கேட்டுக்கோங்க. ஒயர் முனையும் பாருங்க: ஸ்டெல்லியாவுக்கு சாதாரண 3.5 மில்லிமீட்டர் முனை, எச்டி 820-க்கும் இ3-க்கும் அவங்கவங்க தனி முனை, அறுந்தா லேசுல கிடைக்காது.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி புதுப் பெட்டியை அங்கயே பிரிச்சு 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஸ்வீப் (கீழிருந்து மேல வழுக்கிட்டுப் போற ஒரே டோன்) ஓட்டச் சொல்லுங்க. ஒரு பக்கம் கரகரன்னா டிரைவர் மேல முடியோ தூசியோ இருக்கலாம், டிரைவரே போயிருக்கவும் கூடும். பிரிச்ச ஹெட்போனைத் திருப்பி எடுக்க மாட்டாங்க, அதனால இது அங்கயே நடக்கோணும். பில்லுல சீரியல் நம்பர், 18 சதவீத ஜிஎஸ்டி, இந்திய வாரண்டி மூணும் இருக்கட்டும்.

சோமனூர்க்காரன்

அளந்தாச்சுங்க. ஏ எடை 48, சி எடை 67. ஜன்னலைச் சாத்தினா ஏ ஆறு குறையுது, சி ரெண்டுதான் குறையுது.

நொய்யல்

19 வித்தியாசம். அதுவும் ஜன்னலுக்கு அடங்காமல் நிற்கிறது, அப்படியானால் பெரும்பகுதி தரையும் சுவரும் கொண்டு வருவது. இந்த அறையில் நான்கில் எதை மாட்டினாலும் தொம் தொம் பாட்டுக்குள் இருக்கும்.

முதலில் நாற்காலியைக் குடோன் சுவரை விட்டு வீட்டின் எதிர்ப்பக்க அறைக்கு மாற்றி, கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் அட்டை போட்டு மறுபடி அளங்கள். சி எடை 60-க்குக் கீழே வந்தால் பட்டியலில் இசட்1ஆரை மட்டும் அடித்துவிட்டுக் கடைக்குப் போகலாம். வராவிட்டால் ஏஎன்சி (எதிர் ஒலி விட்டு வெளி இரைச்சலை அடக்கும் வசதி) உள்ள ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். கீழ் அலைவரிசையில்தான் அது நன்றாக வேலை செய்யும், ஆனால் சீரான இரைச்சலை அடக்கும் அளவுக்கு அடி அடியாக வருவதை அடக்காது. அப்படி ஒன்று ஃபோகல் பாத்திஸ்: 2022-இல் வந்தது, யுஎஸ்பி ஒயரில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை எடுக்கும், தனி ஆம்ப் வேண்டாம். சார்ஜ் தீர்ந்தால் பாடாது. ஒலியில் ஸ்டெல்லியாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. இரண்டையும் அந்தத் தறி ரெக்கார்டிங் ஸ்பீக்கரில் ஓடும்போதே மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள்.

பேரூர்_படித்துறை

போறப்ப அந்தப் பட்டைப் பிரேமையே போட்டுட்டுப் போங்க. சிடியை மறந்துராதீங்க.