பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள்: தையல் முனையில் கட்டி, பயப்படணுமா?

திருப்பாப்புலியூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பஞ்சவர்ணத்துக்குச் செவ்வாய்க்கிழமை கருத்தடை ஆபரேஷன் நடந்தது. மூன்று நிறம் கலந்தவள், ஒன்றரை வயது இருக்கும். போன ஈற்றில் போட்ட குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அதனால் இந்த முடிவு. வயிற்றின் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. வெளியில் நூல் எதுவும் தெரியவில்லை. உள்தையல், பிரிக்க வேண்டியதில்லை, தானே கரைந்துவிடும், நக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி, கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி விரியும் காலர் ஒன்றை மாட்டி அனுப்பினார்.

அன்று ராத்திரி தள்ளாடிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை உப்பில்லாமல் அவித்த சங்கரா மீன் கொஞ்சம் தின்றாள், மூத்திரமும் போனாள். நேற்று வரை கோடு சுத்தமாக இருந்தது. இன்று காலை பார்த்தால் கோட்டின் கீழ் முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் கெட்டியாக இருக்கிறது. அவள் கத்தவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. தோல் லேசாக ரோஸ் நிறம். சீழ் இல்லை, வாடை இல்லை.

டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவரை மனசு கேட்கவில்லை. எங்கள் அத்தை மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் கிண்ணத்தோடு காத்திருக்கிறார். அவர் ஊரில் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, பாசத்தில்தான் சொல்கிறார். தடவலாமா? காலரோடு அவள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். பின்னாலேயே நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். ராத்திரி பின்னங்காலால் கழற்றியும் விட்டாள். மழை வேறு விடவில்லை, வீடெல்லாம் ஈரம், ஈத் தொல்லை. மலம் கழிக்கத் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல்தான் தட்டில் போட்டு வைப்போம், அதுவும் இப்போது நசநசவென்று இருக்கிறது. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர் அக்கா:

தங்கச்சி, முதலில் அந்தக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் துறைமுகத்துப் பக்கம் இருக்கிறேன். மீன் ஏலம் நடக்கும் இடத்தைச் சுற்றித் திரியும் பூனைகளுக்குச் சோறு வைத்து, பிடித்துக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, ஆறும் வரை வீட்டில் வைத்திருந்து விடுவது என் வழக்கம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது நூல் முடிச்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உள்தையல் போடும்போது முனையில் முடிச்சுப் போட்டு அதைத் தோலுக்கு அடியில் புதைத்துவிடுவார்கள். உடம்புக்கு அந்த நூல் வேற்றுப்பொருள்தானே, அதைச் சுற்றி இறுகும். அதனால்தான் நடுவில் ஒன்றும் இல்லாமல் முனையில் மட்டும் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. நூல் கரையக் கரைய அதுவும் அடங்கிவிடும். வாரக்கணக்கில் ஆகும், அதற்காகப் பதற வேண்டாம்.

ஆனால் எல்லாக் கட்டியும் இதே கட்டி இல்லை. கெட்டியாக இல்லாமல் தண்ணீர் அடைத்த பலூன் மாதிரி தளதளவென்று இருந்தால், தோலுக்கும் தசைக்கும் நடுவில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். எகிறிக் குதிக்கிற பூனைகளுக்கு இது வரும். ஊசியால் குத்தி எடுக்கிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது, கிருமி உள்ளே போய்விடும். குதிக்க விடாமல் வைத்தால் பெரும்பாலும் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. இன்னொரு வகை இருக்கிறது, அதற்குத்தான் நான் பயப்படுவேன். மெத்தென்று இருக்கும், மல்லாந்தால் உள்ளே போகும், எழுந்து நின்றால் தள்ளிக்கொண்டு வரும். உள்ளே தசையில் போட்ட தையல் விட்டுப்போய்க் குடலோ கொழுப்போ பிதுங்குகிறது என்று பொருள். அமுக்கி அமுக்கிப் பார்க்காமல் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சூடாக, சிவப்பு அகலமாகப் பரவிக்கொண்டு, தொட்டால் சீறினால், வாடை வந்தால் சீழ் பிடித்திருக்கிறது. அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

பார்க்கும் விதம் ஒன்று சொல்கிறேன். மல்லாக்கப் போடாதீர்கள், திமிறித் தையலை இழுத்துக்கொள்ளும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, அவள் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கினால் வயிறு முழுக்கத் தெரியும். இன்னொருவர் போனில் படம் எடுக்கட்டும். காலையும் சாயங்காலமும், ஒரே சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். கட்டி வளர்கிறதா, சிவப்பு பரவுகிறதா என்று கண்ணால் பார்த்து ஞாபகம் வைத்துச் சொல்ல முடியாது, படம் சொல்லிவிடும். சாயங்காலம் டாக்டரிடம் அதையே காட்டலாம்.

மஞ்சள் ஏன் வேண்டாம் என்றால், அது சுத்தமாக மூடிய தையல். அதன் மேல் எண்ணெய் பூசினால் ஈரம் தங்கும், வாடைக்கு அவள் இன்னும் நக்குவாள், பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். எல்லாவற்றையும் விட, தோலே மஞ்சளாகிவிட்ட பிறகு சிவந்திருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பண்ருட்டிப் பலா:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மாட்டுக்குக் கொம்பு உடைந்தாலும், நாய்க்கடி ஆனாலும் மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான். ஆறாமல் போனதே கிடையாது. ஈயும் அண்டாது. இங்கிலீஷ் மருந்துதான் உசத்தியா? பூனை தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

மாட்டாஸ்பத்திரி உதவியாளர் (அரியாங்குப்பம்):

அண்ணா, நீங்கள் சொல்லும் மருந்தைக் குறை சொல்ல வரவில்லை. மாட்டுக்கு ஒத்துக்கொள்வது பூனைக்கு ஒத்துக்கொள்ளாது, விஷயம் அதுதான். பல பொருட்களை உடைத்து வெளியே தள்ளும் வேலையைப் பூனையின் ஈரல் செய்யாது. மாடு தன் கொம்பை நக்காது. பூனையோ மேலே பட்டது எதுவானாலும் நக்கித் தின்றுவிடும். அதனால் பூனையின் தோலில் தடவுவதும் வாயில் ஊற்றுவதும் ஒன்றுதான்.

வேப்பெண்ணெய் மட்டும் இல்லை. டெட்டால் பூனைக்கு விஷம், தண்ணீரில் கலந்துகூடத் துடைக்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் ஆறிவரும் தோலையே அரித்துவிடும். பீட்டாடின்கூட டாக்டர் சொன்னால்தான், அவர் சொன்ன அளவில்தான். ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் போட வேண்டாம். மேலே காய்ந்த ரத்தம் துளி ஒட்டியிருந்தால் அதையும் சுரண்ட வேண்டாம்.

இதை எல்லோரும் தயவுசெய்து மனசில் வையுங்கள்: வலிக்குமே என்று இரக்கப்பட்டுப் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். குரோசின், டோலோ, கால்பால் எல்லாம் அதுதான். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். எங்களிடம் கொண்டுவரும்போது பல சமயம் நேரம் கடந்திருக்கும். கொடுத்தவர்கள் அழுவதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அவர்கள் அன்பாகத்தான் கொடுத்தார்கள். ஆஸ்பிரின், புரூபனும் அப்படியே. வலி மருந்து வேண்டும் என்றால் டாக்டர் எடை பார்த்துத் தருவார், அவர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு வேளைகூடக் கூடாது.

நக்கினால் ஆறும் என்பதும் சரியில்லை அண்ணா. பூனை நாக்கில் பின்பக்கம் வளைந்த முட்கள் இருக்கின்றன. முடியைச் சீவத்தான் அவை. அதே முள் தையலையும் பிரித்துவிடும், வாயில் இருக்கிற கிருமியும் காயத்துக்குள் போகும். ஆள் அசந்து தூங்கும் நேரத்தில் தையலைப் பிரித்து வைத்துவிடும் பூனைகள் உண்டு.

சகோதரி, பஞ்சவர்ணத்துக்கு உடனே ஆஸ்பத்திரி தேவைப்படும் அறிகுறிகள் அக்கா சொன்னதோடு இன்னும் சில: கோடு வாய் திறப்பது, ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, ஈறு வெளுத்துப்போவது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, மூத்திரம் போகாமல் முக்குவது, திரும்பத் திரும்ப வாந்தி. மலம் இரண்டு நாள் போகாவிட்டால் கவலை வேண்டாம், ஆபரேஷனுக்கு முன் பட்டினி போட்டதால் அப்படி இருக்கும். உங்கள் டாக்டர் ஊரில் இல்லை என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியை நினைவில் வையுங்கள், அங்கே சிகிச்சைப் பிரிவு உண்டு. கிளம்பும் முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிப் பலா:

மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. வீட்டில் சொல்லிவைக்கிறேன்.

முதுநகர் அக்கா:

காலர் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கழன்று வருகிறது என்றால் தளர்வாக இருக்கிறது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்து நக்கிவிடுவாள். சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், காலர் விளிம்பு இடிக்கும். அகலமில்லாத தட்டையான தட்டு ஒன்றைக் கவிழ்த்த டப்பா மேல் வைத்துக் கொடுங்கள், காலர் தட்டைச் சுற்றி இறங்கிக்கொள்ளும். அப்போதும் தின்னவில்லை என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும் நேரம் மட்டும் கழற்றிவிட்டு, கடைசி வாய் இறங்கியதும் மாட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தாலும் எழுந்து போகக் கூடாது.

சில பூனைகளுக்குக் காலர் என்றாலே ஆகாது. அவற்றுக்குச் சட்டைதான் வழி. கைக்குழந்தைக்குப் போடும் பருத்திப் பனியன், ஆறு மாதக் குழந்தை அளவு, எடுத்துக்கொள்ளுங்கள். கை போகும் ஓட்டைகளில் முன்னங்கால். கீழ்ப்பக்கத்தை இரண்டு பக்கமும் கிழித்துவிட்டுப் பின்னங்காலுக்கு முன்னால் வரும்படி இழுத்து முதுகின் மேல் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு வயிற்றுப் பக்கம் வரவே கூடாது. மூத்திரம் போகும் இடத்தை விட்டுவிட வேண்டும், இல்லை என்றால் நனைந்து காயத்தில் ஒட்டிவிடும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தைத்து வைத்தால்தான் மாற்ற முடியும், ஒன்று காயவே ஒரு நாள் ஆகிறது இப்போது.

மணலை எடுத்துவிடுங்கள். ஈர மணல் வயிற்றில் ஒட்டும். செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தட்டில் போடுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். ஈதான் இந்த மழையில் எனக்குப் பெரிய கவலை. கசிகிற காயத்தில் ஈ உட்கார்ந்து முட்டை இட்டால் ஒரு நாளைக்குள் புழு வந்துவிடும். மீன் கழுவிய தண்ணீர், மிச்சச் சாப்பாடு எதுவும் அவள் இருக்கும் அறையில் கிடக்கக் கூடாது. குழந்தைக் கொசுவலைக் குடை இருந்தால் அவள் தூங்கும்போது கவிழ்த்து வையுங்கள். கொசுவர்த்திப் புகை அந்த அறையில் வேண்டாம். பீரோ மேல், சன்னல் திட்டின் மேல் ஏற முடியாதபடி ஸ்டூல், நாற்காலி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வெளியே பார்க்க ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே தசை சேர 10 முதல் 14 நாள் வேண்டும். குளிப்பாட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

திருப்பாப்புலியூர்க்காரி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. சாயங்காலம் போய்க் காட்டிவிட்டு வந்தேன். முடிச்சுதான் என்று டாக்டர் சொன்னார். விரலால் உருட்டிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், 101 டிகிரி, பூனைக்கு அது சாதாரணம்தானாம். எதுவும் தடவ வேண்டாம் என்று அவரும் சொன்னார். படங்களைப் பார்த்ததும் இப்படித்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றார். அத்தையும் கூட வந்திருந்தார். மஞ்சளில் சிவப்பு மறைந்துவிடும் என்று நான் சொன்னதை டாக்டரிடம் அவரே கேட்டு உறுதி செய்துகொண்டார். இப்போது பனியனைத் தைத்துக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் கரியன் என்று இன்னொரு பூனை இருக்கிறான். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு தூங்குவார்கள். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவளைப் பார்த்தாலே சீறுகிறான், அடிக்கக் கை ஓங்குகிறான். இது ஏன்?

லாஸ்பேட்டை மாடிவீடு:

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. அவள் மேல் ஆஸ்பத்திரி வாடை, மருந்து வாடை. பூனைக்கு ஆளை அடையாளம் சொல்வது வாடைதான், அதனால் அவனுக்கு அவள் வேற்றுப் பூனை. அதோடு கழுத்தில் காலர் வேறு. சண்டை போட்டால் தையல் போய்விடும், ஆகவே கதவைச் சாத்திப் பிரித்தே வையுங்கள். அவன் படுக்கும் துணியை அவள் அறையிலும், அவள் படுத்த துணியை அவன் இடத்திலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கும் அந்தப் பக்கம் ஒருவருக்கும் ஒரே நேரத்தில் மீன் வையுங்கள். சீறல் நின்ற பிறகு நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் சேர்த்து விடலாம். கரியனுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டதா?

திருப்பாப்புலியூர்க்காரி:

இன்னும் இல்லை. பொங்கல் கழிந்து செய்யலாம் என்று இருந்தோம்.

மாட்டாஸ்பத்திரி உதவியாளர் (அரியாங்குப்பம்):

அப்படியென்றால் தையல் ஆறும் வரை கண்டிப்பாகத் தனித்தனியாக வையுங்கள் சகோதரி. கருப்பை எடுத்தாகிவிட்டது, இனி அவளுக்குக் குட்டி வராது. ஆனாலும் அவன் ஏறிப் பிடரியைக் கவ்வினால் வயிறு இழுபடும். கரியனுக்கு வேலை சுலபம், ஆண் பூனைக்கு வயிற்றைத் திறப்பதில்லை, பெரும்பாலும் தையலும் இருக்காது. அவளை மறுபடி காட்டப் போகும் அன்றே டாக்டரிடம் அவனுக்கும் நாள் கேட்டுவிடுங்கள்.

திருப்பாப்புலியூர்க்காரி:

சரி அண்ணா, கேட்கிறேன். பனியன் போட்டாயிற்று. முடிச்சு முதுகில்தான் இருக்கிறது அக்கா.

முதுநகர் அக்கா:

பின்னங்கால் இடுக்கில் துணி உராய்ந்து முடி போகிறதா என்று நாளைக் காலை படம் எடுக்கும்போது பார்த்துவிடுங்கள். உராய்ந்தால் அந்த ஓரத்தை இன்னும் ஒரு விரல் அகலம் வெட்டிவிடச் சொல்லுங்கள் அத்தையிடம்.